பொட்டு அழிந்த சங்கிலி

கண்ணு,

கவரைப் பிரித்திருப்பாய். ஆனாலும் ஒட்டிய இடத்தை ஒருமுறை திருப்பிப் பார். குறுக்கே என் கையெழுத்து ஓடும். கோடு கோட்டோடு பொருந்தினால் வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று அர்த்தம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று என்னை முடித்து வைத்துவிடுவாய். அந்த இரண்டு சரிம்மாவுக்கும் என்ன பொருள் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் காகிதம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிஸ்கட்டவே தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனது இதற்காவது பயன்படட்டும். தை மாதம் அங்கே கலிபோர்னியாவில் லிவர்மோர் கோயிலில் உனக்கும் சாதனாவுக்கும் கல்யாணம். அதற்கு முன்னால் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். என்ன காரியம் என்று முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்க மாட்டாயோ என்று எனக்குச் சந்தேகம். ஆகவே கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று நீயும் அப்பாவும் கேலி செய்வீர்கள். செய்யுங்கள். தராசு முள்ளைப் பார்க்காமல் நான் வெண்டைக்காய்கூட வாங்கியதில்லை. உன் அப்பாவுக்கு வெளுத்ததெல்லாம் பால். வீட்டில் ஒருவர் அப்படி இருந்தால் இன்னொருவர் இப்படித்தான் இருந்தாக வேண்டும். பிஸ்கட்டவே வீட்டை விற்றுவிட்டு மேற்கே இந்த ஐந்து ஏக்கரை வாங்கியபோது "காற்று நல்லா இருக்குது அம்மிணி" என்றார். நான் காற்றைப் பார்க்கவில்லை. வீட்டு வாசலிலிருந்து ரோடுவரைக்கும் சரிந்து இறங்கும் அந்த நீளமான டிரைவ்வேயைப் பார்த்தேன். பனி விழுந்தால் இதை யார் தள்ளுவது என்று கேட்டேன். அதற்குத்தான் டிராக்டர் வாங்கினார். முதல் குளிரிலேயே அது சரிவில் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்த் தபால் பெட்டியைச் சாய்த்தது. பிறகுதான் பனியில் வழுக்காமல் இருக்கப் பின் சக்கரங்களைச் சுற்றிப் போடும் சங்கிலி வாங்கினோம். பிறகு அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன். அவரால் ஏற முடியவில்லை. நான் ஏறினேன். சீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கால் எட்டாது என்று முதுகுக்குப் பின்னால் பழைய சேலையை மடித்துத் திண்டு தைத்துப் போட்டுக்கொண்டேன். இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உனக்குத் தெரியும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

சங்கிலியைப் போடுவது பெரிதல்ல, கழற்றி வைப்பதுதான் பெரிது. ஏப்ரலில் இனிமேல் பனி வராது என்று வானிலை சொன்னாலும் நான் நம்புவதில்லை, இன்னும் பத்து நாள் பொறுப்பேன். பிறகு கழற்றித் தார்ப்பாயில் விரித்து, ரோட்டு உப்பெல்லாம் போகும்படி ஹோஸ் பைப்பால் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும். முதல் வருஷம் உன் அப்பா பேச்சைக் கேட்டு இட்லி அரிசி வந்த பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடி கராஜ் தரையில் வைத்தேன். அக்டோபரில் திறந்தால் சங்கிலி முழுக்கத் துரு. பையின் தையலில் ஒட்டியிருந்த நாலு அரிசிக்காக எலி உள்ளே குடும்பமே நடத்தியிருந்தது. அதிலிருந்து தரையில் வைப்பதில்லை. விளக்கெண்ணெய் தடவி, ஒவ்வொரு சங்கிலியையும் தனித்தனியாகச் சுருட்டி, பழைய நைலக்ஸ் சேலையைக் கிழித்துக் கட்டி, சுவரில் இரண்டு கொக்கியில் மாட்டிவிடுவேன். கடையில் அதற்கென்று எண்ணெய் விற்கிறார்கள். டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? விளக்கெண்ணெய் எனக்குத் தெரிந்த எண்ணெய். ஊரில் மாட்டு வண்டி அச்சுக்குப் போட்டதுதானே. கட்டும்போது இரட்டை முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருகிவிடுவேன். அக்டோபரில் ஆயுத பூஜைக்கு இறக்கி, டிராக்டருக்கு வைப்பதுபோலவே சங்கிலிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, போட்டோ எடுத்து நம் குடும்ப குரூப்பில் போடுவேன். நீயும் வருஷம் தவறாமல் ஒரு கும்பிடு அனுப்புவாய்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் நீ பிளசன்டனிலிருந்து போன் செய்து, "அம்மா, இனிமே நீங்க டிராக்டர்ல ஏற வேண்டாம். பக்கத்து வீட்டு வால்டர்கிட்ட சொல்லிட்டேன். பனி விழுந்தா அவரே வந்து தள்ளிடுவார்" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அப்பாவிடம் இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் பனி விழுந்தது. வால்டர் தன் வீட்டு வாசலைத் தள்ளினார், எதிர்வீட்டு வாசலைத் தள்ளினார், நம் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். மத்தியானம்வரை காத்திருந்துவிட்டு நானே சங்கிலியைப் போட்டுத் தள்ளினேன். மறுநாள் வேலியோரம் அவரைப் பிடித்துக் கேட்டேன். உன் மகன் என்னிடம் எதுவுமே சொல்லவில்லையே என்றார். நான் நம்பவில்லை. வேலியோரம் இருக்கும் நம் துண்டு நிலத்தைத் தனக்குக் கொடுங்கள் என்று அவர் முன்பு ஒருமுறை கேட்டிருந்தார். நாம் பனியில் கஷ்டப்பட்டால் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவோம் என்று கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். என் மகன் பொய் சொல்ல மாட்டான், நீதான் பொய்யன் என்று என் இங்கிலீஷில் எவ்வளவு உரக்கச் சொல்ல முடியுமோ அவ்வளவு உரக்கச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வால்டர் தொப்பியைச் சரி செய்துகொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அவர் நம் எல்லைக்குள் கால் வைக்கவில்லை. உன்னிடம் போனில் சொன்னபோது நீ சொன்னது, "சரிம்மா, சரிம்மா. நான் பேசிக்கறேன்."

போன ஜூலையில் சாதனாவை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தாய். பெண்ணைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அதிகம் பேசாத பெண். நாம் தமிழில் கேட்டால் கேட்டுக்கொண்டு இங்கிலீஷில் சுருக்கமாகப் பதில் சொல்வாள். கண் மட்டும் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை நாம் கோயிலுக்குக் கிளம்பியபோது தலைவலி என்று வீட்டில் தங்கிவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் விருந்தாளி பாத்ரூமில் வெள்ளைத் துண்டு முழுக்கக் கறுப்புக் கறை, விளக்கெண்ணெய் வாசம். கண் மை கலைத்திருப்பாள், முடிக்கு விளக்கெண்ணெய் வைக்கிற பழக்கம் போல, பிளசன்டனில் வளர்ந்த பெண்ணுக்கு இதாவது தெரிந்திருக்கிறதே என்று நினைத்து அந்தத் துண்டை நானே சந்தோஷமாகத் துவைத்தேன். வாழ்க்கையில் நான் சந்தேகப்படாமல் விட்டது இரண்டு விஷயம். அதில் ஒன்று அந்தத் துண்டு.

இந்த அக்டோபரில் ஆயுத பூஜைக்குச் சங்கிலியை இறக்கப் போனேன். இடது கொக்கியில் தொங்கிய கட்டில் என் இரட்டை முடிச்சு இல்லை. ஷூவுக்கு லேஸ் கட்டுவதுபோல இரண்டு காது விட்டுப் பூமுடிச்சுப் போட்டிருந்தது. நான் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அப்பா ஆயுசுக்கும் லேஸ் வைத்த ஷூ போட்டதில்லை. வால்டர் வருவதில்லை. இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன கைதான் இந்த முடிச்சைப் போடும். அப்போதுதான் எனக்குத் துண்டு நினைவுக்கு வந்தது. அன்று சாயந்திரமே உனக்குப் போன் செய்து, சாதனா தலைக்கு விளக்கெண்ணெய் வைப்பாளா என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "சேச்சே, அவளுக்கு அந்த ஸ்மெல்லே பிடிக்காதும்மா" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு ஆறு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு, ஆள் இல்லாத வீட்டில் கராஜுக்குள் போய், இரண்டு அரிசிப் பை கனமுள்ள இரும்பை இறக்கி, பிரித்துப் பார்த்து, மறுபடி கட்டி மாட்டியிருக்கிறாள் ஒரு பெண். எதற்கு? வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கிறாளா? கல்யாணம் ஆனதும் இதையெல்லாம் விற்கச் சொல்லி எங்களைக் கலிபோர்னியாவுக்கு மூட்டை கட்டப் போகிறாளா? அல்லது மாமியார் சுத்தமானவளா என்று மூலை முடுக்கெல்லாம் பார்க்கிற ரகமா? அப்படியென்றால் சங்கிலியைப் பிரித்தவள் என் பீரோவைப் பிரிக்காமலா இருந்திருப்பாள்? அப்பாவிடம் சொன்னேன். அவர், "ஏன் அம்மிணி, அவுத்துப் பாத்தா என்ன கொறஞ்சு போச்சு? அதென்ன தங்கச் சங்கிலியா?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தார். சங்கிலி போகட்டும், சொல்லாமல் செய்கிற பெண்ணை நம்பி மகனை எப்படிக் கொடுப்பது? நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நீங்கள் வரும்போது உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தக் கல்யாணத்தைத் தள்ளிப்போடு என்று சொல்வதாக முடிவு செய்திருந்தேன். என்னென்ன வார்த்தை சொல்வது என்றுகூடச் சமையலறையில் நின்று சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு தூரம் போனேன்.

நீங்கள் வந்திருந்தபோது வெள்ளிக்கிழமை நீயும் அப்பாவும் மளிகை வாங்க எடிசனுக்குப் போயிருந்தீர்கள். வார இறுதியில் பனி வரும் என்றிருந்ததால் நான் கராஜில் சங்கிலியைத் தரையில் விரித்து, டிராக்டரை அதன் மேல் பின்னால் ஏற்றுவதற்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு சங்கிலியில் அப்படியே இருந்தது. கதவருகே நிழல் தெரிந்தது. சாதனா. எவ்வளவு நேரமாக நின்றாளோ. நானாக அந்தப் பேச்சை எடுப்பதற்குள் அவள் குனிந்து, குங்குமத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஆன்ட்டி, இதை எடுத்துட்டுப் போக வால்டர் எப்போ வருவார்?"

எனக்குப் புரியவில்லை. வால்டர் எதற்கு வருகிறார் என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு அவளுக்குத் தெரிந்த தமிழில், நடுநடுவே இங்கிலீஷ் கலந்து, மெதுவாகச் சொன்னாள். உன் பெற்றோருக்கு வயதாகிறதே, பனிக்கு யார் என்று உன்னிடம் ஆரம்பத்திலேயே கேட்டிருக்கிறாள். வால்டர் செய்கிறார், அம்மா டிராக்டரைத் தொட்டே ரொம்ப நாளாகிறது என்று சொல்லியிருக்கிறாய். நான் குரூப்பில் போட்ட ஆயுத பூஜை போட்டோவைக் காட்டி, இதெல்லாம் இப்போது சும்மா பூஜைக்குத்தான் என்றும் சொல்லியிருக்கிறாய். ஜூலையில் கராஜில் நாற்காலி எடுக்கப் போனவள் சீட்டில் என் சேலைத் திண்டைப் பார்த்திருக்கிறாள். அவ்வளவு குள்ளமான வால்டர் உண்டா என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அதனால்தான் தலைவலி, அதனால்தான் சங்கிலியைப் பிரித்தது. "பூஜைக்கு மட்டும்னா பொட்டு அப்படியே இருக்கணும் இல்ல ஆன்ட்டி? ஒரு டாட்கூட இல்ல. உள்பக்கம் எல்லாம் தேஞ்சு பளபளன்னு இருந்துச்சு" என்றாள். ஆபீசில் சாப்ட்வேரைச் சோதித்துத் தப்பு கண்டுபிடிப்பது அவள் வேலை என்று நீ சொன்னபோது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. ஆகஸ்டில் உன்னிடம் மறுபடி கேட்டிருக்கிறாள். வால்டர் அவருடைய டிராக்டருக்கு நம் சங்கிலியை இரவல் வாங்கிக்கொண்டு போகிறார் என்று சொல்லியிருக்கிறாய். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். முதல் பொய்யோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை தப்பித்திருப்பாய்.

என்னையும் சொல்ல வேண்டும். அவள் கேட்டதும் என் வாயில் முதலில் வந்தது, "ஆமாம் கண்ணு, வால்டர் நாளைக்கு வருவார்" என்பதுதான். பெற்ற மனம் பித்து என்பது சும்மா இல்லை. உன் பொய்க்குக் கூரை போட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆனால் அந்தப் பெண் குங்குமம் ஒட்டிய விரலோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வாரம் நான் யாரைக் கள்ளி என்று நினைத்திருந்தேனோ அவள், நான் சரிவில் உருண்டுவிடப் போகிறேனே என்றுதான் சங்கிலியைப் பிரித்திருக்கிறாள். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "இல்ல சாமி. நாந்தான் போடறேன். ரெண்டு வருசமா நாந்தான் தள்ளறேன்" என்றேன். சொல்லும்போதே எனக்கு வேலியோரம் தொப்பியைச் சரி செய்த வால்டரின் முகம் வந்தது. அவர் சொன்னது உண்மை. நீ அவரிடம் சொல்லவே இல்லை. அங்கேயே டிராக்டர் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. நான் எழுந்து டிராக்டரைச் சங்கிலி மேல் ஏற்றி நிறுத்தியதும், ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு இடது சங்கிலியைச் சக்கரத்தின் மேல் இழுத்து, கொக்கியை எங்கே மாட்டுவது என்று கேட்டாள். இரண்டு பேருமாக இரண்டு சக்கரத்தையும் முடித்தோம். கையைத் துடைக்கும்போதுதான் சொன்னாள்: "ரெண்டு தடவ கேட்டேன் ஆன்ட்டி. மூணாவது தடவ கேக்க மாட்டேன். அவரா சொல்லணும்." சொல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதைத்தான் நான் உனக்கு எழுதுகிறேன், கண்ணு. அன்று இரவு சாப்பாட்டில் நீ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தாய், அவளும் சிரித்தாள். நான் மட்டும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

நீ கெட்டவன் இல்லை. அது எனக்குத் தெரியும். நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது லஞ்சுக்கு எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன். எப்படி இருந்தது என்றதற்கு "சூப்பர்மா" என்றாய். பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதே என்று அந்த வருஷம் முழுக்க அதையே கட்டினேன். கடைசியில் டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார், நீ அதைத் தொடுவதே இல்லை, தினமும் பசியோடு உட்கார்ந்திருக்கிறாய் என்று. என் மனசு நோகக் கூடாது என்று வருஷம் முழுக்கப் பட்டினி கிடந்த பிள்ளை நீ. அன்று உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேனே தவிர, திட்டவில்லை. அங்கேதான் விட்டுவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. உன் பொய்யெல்லாம் அடுத்தவர் நிம்மதிக்காகச் சொல்கிற பொய். வால்டரிடம் பேச மறந்திருப்பாய், பிறகு கேட்கக் கூச்சப்பட்டிருப்பாய். மறந்துவிட்டேன் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அவரிடம் கேட்டிருப்பேன். அம்மா கவலைப்படக் கூடாது என்று ஒன்று, சாதனா உன்னைத் தப்பாக நினைக்கக் கூடாது என்று இன்னொன்று. இப்படி எல்லோரையும் நிம்மதியாக வைத்துவிட்டு, அறுபத்திரண்டு வயது அம்மாவைப் பனிச் சரிவில் டிராக்டரில் உட்கார வைத்துவிட்டாய். எனக்கு வலித்தது பனி இல்லை. அந்தச் சரிவில் போகும்போதெல்லாம் நான் வால்டரைத்தான் திட்டினேன். நீ போனில் கேட்டுக்கொண்டிருந்தாய்.

ஊரில் உள்ளவர்களையெல்லாம் சந்தேகப்பட்டேன். நான் சந்தேகப்படாமல் விட்டது இரண்டு என்று சொன்னேன் அல்லவா? ஒன்று துண்டு. இன்னொன்று நீ.

வால்டரிடம் திங்கட்கிழமை நானே போனேன். என் மகன் சொல்ல மறந்துவிட்டான், தப்பு எங்களுடையது என்றேன். மறந்துவிட்டான் என்று நானும் கொஞ்சம் பூசி மெழுகினேன்தான். அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, பனி விழுந்தால் கூப்பிடு என்றார். அந்தத் துண்டு நிலத்தின் மேல் அவருக்கு ஒரு கண் உண்டு என்ற என் எண்ணத்தில் மாற்றமில்லை. ஆனால் பொய்யர் இல்லை. நீ அவருக்குப் போன் செய்து உன் வாயால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அது சின்னக் காரியம். நான் கடைசியில் சொல்கிறேன் என்றது வேறு. சாதனாவிடம் நடந்ததை நீயே சொல். மறந்துவிட்டேன், கூச்சப்பட்டேன், பிறகு மறைத்தேன் என்று மூன்றையும் சொல். மூன்றில் இரண்டை மட்டும் சொல்லாதே, அவள் கண்டுபிடித்துவிடுவாள். இப்படி ஒரு கடிதம் எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாமல் உனக்குச் சொன்னால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன். அம்மா சொன்ன பிறகு சொல்வது நீயாகச் சொன்னதாக ஆகுமா என்று கேட்டேன். ஆகாது, ஆனாலும் கேட்டுக்கொள்வேன் என்றாள். அவ்வளவுதான் உனக்குக் கிடைக்கும். அதை வாங்கிக்கொள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, கடிதத்தில் வேறு ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று நினைக்காதே. இதை முழுக்கப் போனில் அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன்.

முகூர்த்தப் புடவை எடுத்தாயிற்று. அப்பாவுக்கும் எனக்கும் டிக்கெட் போட்டாயிற்று. வரும் ஏப்ரலில் சங்கிலி கழற்றும்போது அவளும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இரட்டை முடிச்சு எப்படிப் போடுவது என்று காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் மருமகளாக வருவாளா, வெறும் சாதனாவாக வருவாளா என்பது உன் கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். அவளிடம் சொல்லிவிட்டாயா என்று உன்னைக் கேட்க மாட்டேன்.

அவளைக் கேட்பேன்.

அம்மா